காடைக்கண்ணியின் கதிர் அவிழ்ந்தது எப்படி

மாடும் பயிரும் மனிதரோடு பேசிய காலம் அது. குளிர்ந்த மலை ஒன்றின் சரிவில் ஜோகியும் அவன் மனைவி மாதியும் குடியிருந்தார்கள். தை மாதம் முழுக்க அங்கே உறைபனி கொட்டும். பனி விட்டதும் ஜோகி தன் ஒற்றைக் காளை சோமனை ஏரில் பூட்டி நிலத்தை உழுவான். கோதுமை, பார்லி, காடைக்கண்ணி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விதைப்பான். காடைக்கண்ணி என்றால் வேறொன்றுமில்லை, இப்போது ஓட்ஸ் என்கிறோமே, அதுதான்.

அந்நாளில் மூன்று பயிரும் ஒரே சாயல். தாள் மூங்கில் குச்சிபோலக் கெட்டியாக இருக்கும். மணிகள் நெருங்கி அடுக்கிய கதிர் உச்சியில் விறைத்து நிற்கும்.

சோமனுக்கு வயதாகிவிட்டது. அந்த ஆண்டு உழவு முடிந்த கையோடு மிச்சமிருந்த பற்களும் விழுந்தன. மலைப்புல்லோ கம்பி மாதிரி. வாயில் போட்டுக் குதப்பிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டுவிடும். மாதி கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். வீட்டுக்கே கஞ்சி போதாத நேரம். காளையின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின.

ஒரு நாள் காலையில் ஜோகி கயிற்றை எடுத்தான்.

“எங்கே கூட்டிட்டுப் போறீங்க?” என்றாள் மாதி.

“சோலைக்காட்டுக்கு.”

“அங்கே புலி இருக்கு.”

“தெரியும் மாதி. இங்கே இருந்தாலும் பட்டினியாலதான் சாகப்போகுது. அதைத் தினமும் பார்த்துக்கிட்டு இருக்க என்னால முடியல.”

மாதி சோமனின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சோலைக்குப் போகும் வழி நிலத்தை ஒட்டித்தான். அங்கே வந்ததும் சோமன் நின்றது.

“ஜோகி, நான் உழுத மண்ணை ஒரு தடவை பார்த்துட்டு வரேன்.”

ஜோகி கயிற்றை விட்டான். வரப்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

சோமன் பயிர்களின் அருகே போனது. “ஒரே ஒரு வாய் தருவீங்களா? கெட்டியா இருந்தா என்னால மெல்ல முடியாது. கொஞ்சம் இளகிக் கொடுத்தா விழுங்கிடுவேன்.”

“இளகினா காற்று என்னைச் சாய்ச்சிடும் அண்ணா, கோபிச்சுக்காதே” என்றது பார்லி.

“எனக்கும் அந்தப் பயம்தான்” என்றது கோதுமை.

இரண்டும் பொய் சொல்லவில்லை. அந்த மலைக்காற்று அப்படிப் பொல்லாதது.

காடைக்கண்ணி மட்டும் சோமனையே பார்த்துக்கொண்டிருந்தது. “அண்ணா, எத்தனையோ நாள் பசியோட இந்த வரப்புல போயிருக்கே. ஒரு நாள்கூட என்மேல வாய் வச்சதில்லையே?”

“எப்படி வைப்பேன் தங்கச்சி? நீ அவங்க வீட்டுக் கஞ்சி இல்லையா?”

காடைக்கண்ணி கண்ணை மூடிக்கொண்டது. தன் தாளில் இருந்த கெட்டியையெல்லாம் வேர்வழியே மண்ணுக்குள் இறக்கிவிட்டது. தாள் குழந்தையின் கைபோல மெத்தென்று ஆயிற்று.

“சாப்பிடு.”

“காற்று வந்தா என்ன பண்ணுவே?”

“வரட்டும். உனக்கு இப்போ பசிக்குதே.”

வரப்பில் இருந்த ஜோகியின் காதில் மெல்லும் சத்தம் விழுந்தது. கேட்டு வெகுநாளான சத்தம். திரும்பிப் பார்த்தவன், “மாதி! மாதி!” என்று வீடுவரை கேட்கும்படி கத்தினான்.

மாதி ஓடிவந்து சோமனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மலைமேலிருந்து காற்று இறங்கியது. கோதுமையும் பார்லியும் தாங்கிக்கொண்டன. இளகிய தாளால் கனத்த கதிரைத் தாங்க முடியவில்லை. காடைக்கண்ணி மொத்தமும் மண்ணில் சாய்ந்தது.

“எழுந்திரிக்க முடியலை அம்மா” என்றது அது. “தலை கனக்குது.”

மாதி அப்படியே தரையில் உட்கார்ந்து ஒரு கதிரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மணிகள் இறுக்கிப் பின்னிய சடைபோல இருந்தன. மகளுக்குச் சடை அவிழ்ப்பவள்போல விரல்விட்டு மெல்லப் பிரித்தாள். ஒவ்வொரு மணியையும் நூல்போல மெல்லிய காம்பில் தனியே தொங்கவிட்டாள்.

“வலிக்குதா?”

“இல்லேம்மா.”

ஜோகியும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதிரை எடுத்தான். அவன் விரல்கள் தடித்தவை. இரண்டு மணி உதிர்ந்தன. “மெதுவாங்க” என்றாள் மாதி. வெயில் சாயும்வரை இருவரும் பிரித்துக்கொண்டே இருந்தார்கள். பிரித்த ஒவ்வொரு பயிரும் மெல்ல எழுந்து நின்றது.

மறுபடியும் காற்று வந்தது. இந்த முறை மணிகளின் நடுவே புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. காடைக்கண்ணி வளைந்தது, ஆடியது, விழவில்லை.

ஜோகி சோமனின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றான். சோமன் அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டது.

“இருட்டப் போகுது ஜோகி, வா, வீட்டுக்குப் போகலாம்.”

அந்த நாளிலிருந்துதான், கோதுமையும் பார்லியும் கதிரை இறுக்கிப் பிடித்து நிற்க, காடைக்கண்ணி மட்டும் மணிகளைத் தனித்தனியே தொங்கவிட்டு ஆடிக்கொண்டிருக்கிறது. அதன் மெத்தென்ற தாளை அறுத்துப் போட்டால், பல் போன மாடுகூட வயிறாரத் தின்கிறது.