ஒரு போல்ட்டுகூட மாத்தாத கார்

கோத்தகிரிப் பனிக்குள் நடந்த கதை இது. பேக்கரியில் வர்க்கி சுடும் அருள்தாஸின் தூக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மிதந்து மிதந்து வரும். ஒரு விடியலில் அதே கார், பழைய கார் விற்கும் பூபதியின் கடைவாசலில், அடுப்புத் தணல்போல நின்றிருந்தது.

"டர்போ, சைலன்சர், சக்கரம் எல்லாம் நான் மாத்தினது. அதுக்கே தனியா ரெண்டு லட்சம் ஆகும். உனக்கெல்லாம் இது கனவுதான்டா" என்று சிரித்தார் பூபதி.

"கனவுதாண்ணா" என்றான் அருள்தாஸ்.

சேர்த்த பணத்தோடு அவன் காரை வாங்க வந்த அன்று, இன்சூரன்ஸ் போட வந்த ஏஜென்ட் அம்மா, "வண்டியில எதையாவது மாத்தியிருக்கீங்களா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் பிரீமியம் ஏறும், பேரம் கெடும். பூபதி நெஞ்சில் கைவைத்தார். "கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்குங்க. ஒரு போல்ட்டுகூட மாத்தலை."

அருள்தாஸுக்கு மலைப்பாதை வளைவுகள் கண்ணில் ஓடின. பொய் சொல்லிப் போட்ட இன்சூரன்ஸ், வண்டி கவிழ்ந்தால் கைவிட்டுவிடும்.

"அப்ப மாத்தாத வண்டிக்கான விலை போதும்லண்ணா?" என்றான்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். பூபதி அவசரமாகத் தலையாட்டினார். "போதும்."

பணம் கொடுத்துச் சாவியை வாங்கியதும் அருள்தாஸ் பானட்டைத் திறந்தான். "இப்ப எழுதிக்குங்கம்மா. டர்போ, சைலன்சர், சக்கரம், எல்லாமே மாத்தினது. கூடுற பிரீமியத்தை நான் கட்டிடறேன்."

"டேய், அதெல்லாம் என் சாமான்டா!" என்று பதறினார் பூபதி.

"உங்க சாமானா? நீங்கதான் ஒரு போல்ட்டுகூட மாத்தலையேண்ணா!"

கார் பனிக்குள் மெல்லக் கரைந்தது. அந்த சைலன்சரின் உறுமல் மட்டும் வெகுநேரம் பூபதியின் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.