ஜமீன்தாரும் மூங்கில் குழாயும்

தொடர்ந்து ஏழு முறை சுடும் புதுத் துப்பாக்கியோடு ஊஞ்சக்காட்டு ஜமீன்தார் சிறுத்தை வேட்டைக்குப் போனார். கூடவே வேலையாட்கள்; தோட்டாப் பையைச் சுமந்தவன் பேயாண்டி.

"ஏலே! நான் சுட்டு முடிச்சுப் பத்து எண்ணுறதுக்குள்ள ஏழு தோட்டாவும் உள்ள போகணும். இல்லேன்னா சிறுத்தைக்கு இரையா ஆட்டுக்குப் பதிலா உன்னைத்தான் மரத்துல கட்டுவேன்!"

பேயாண்டி இரண்டு மூங்கில் குழாய்களில் ஏழேழு தோட்டாக்களை வரிசையாக அடுக்கிக்கொண்டான்.

ஜமீன்தார் மரத்தைப் பார்த்து ஏழையும் சுட்டார். "ஒண்ணேய்... ரெண்டேய்... மூணேய்..."

துப்பாக்கியின் பின்கட்டையில் தோட்டா போடும் துளையில் ஒரு குழாயை ஒரே கவிழ்ப்பு! நிரம்பிவிட்டது.

"திருட்டு வேலை! கையால ஒண்ணொண்ணாத்தான் போடணும். கட்டுங்கடா இவனை!"

கயிறு வந்தது. அதற்குள் வெடிச்சத்தத்தில் விழித்த சிறுத்தை புதரிலிருந்து உறுமியபடி வெளியே வந்தது. ஜமீன்தார் கண்ணை மூடிக்கொண்டு ஏழையும் ஆகாயத்தில் சுட்டுத் தீர்த்தார்.

"நி... நிரப்புலே!"

பேயாண்டி மெல்ல ஒரே ஒரு தோட்டாவை எடுத்தான். "ஒண்ணேய்..."

"அடுத்த குழாயை எடுலே! குழாயிலே!"

"அது திருட்டு வேலையாச்சே, எசமான்?"

"இல்ல ராசா! உன்னைக் கட்டவும் மாட்டேன், கவுத்துலே!"

கவிழ்த்த கையோடு பேயாண்டியே சுட்டான். மூக்குக்கு முன்னால் மண் தெறிக்கவும் சிறுத்தை திரும்பி ஓடியது.

அவனைக் கட்டக் கொண்டுவந்த கயிறு வீணாகவில்லை. எசமானின் அவிழ்ந்த வேட்டியை அதை வைத்துத்தான் கட்டினார்கள்.