விராலுக்குக் கசந்த மூச்சு

அந்தக் காலத்தில் கண்மாய் மீன்களெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. தண்ணீருக்குள் கரைந்து கிடக்கிற மூச்சைச் செவுளால் இழுத்துத்தான் எல்லா மீனும் பிழைத்தன. விராலும் அப்படித்தான்.

ஆனால் விராலுக்கு மட்டும் ஒரு தனிக்குணம் இருந்தது. தண்ணீரில் மூச்சு குறையப் போகிறதென்றால் மற்றவர்களுக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும். செவுளோரம் நமைச்சல் எடுக்கும். உடனே வாலால் தண்ணீரைச் சடாரென்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் எல்லா மீனும் குஞ்சு குளுவானோடு மடையடிப் பள்ளத்துக்கு ஓடும். மேல்கண்மாய்த் தண்ணீர் அங்கே சலசலவென்று விழுந்துகொண்டிருக்கும். விழுகிற தண்ணீரில் மூச்சு உண்டு. இடித்துப் பிடித்துக்கொண்டு கோடையைக் கழித்துவிடுவார்கள்.

ஒரு கோடையில் விராலுக்குக் குஞ்சு பொரித்திருந்தது. செக்கச்செவேலென்று ஒரு கூட்டம், அப்பன் வால் பின்னாலேயே திரிந்தது. அந்த நேரம் பார்த்து நமைச்சல் எடுத்தது. அதுவரை இல்லாத அளவுக்கு நமைச்சல்.

விரால் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தது. விழுகிற தண்ணீர் நூலாக இளைத்திருந்தது. அத்தனை பேரும் வந்தால் என் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்தது. ஓங்கிய வாலை மெதுவாக இறக்கிக்கொண்டது.

பொழுது சாய, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய விராலைக் கெண்டை வழிமறித்தது.

"என்ன அண்ணே, குடும்பத்தோட கிளம்பியாச்சு? நமைச்சல் கிமைச்சல் எடுத்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி. பிள்ளைகளுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டுமேன்னுதான்..."

"அதானே! எடுத்தா அண்ணன் அடிக்காமயா இருக்கும்? இந்த அயிரை இருக்காளே, 'நெஞ்சை அடைக்குது, நெஞ்சை அடைக்குது'ன்னு காலையிலிருந்து ஒரே புலம்பல். திங்கிறதைக் குறைடி, சரியாப் போகும்னு சொல்லிட்டு வர்றேன்."

கெண்டை சிரித்தது. விராலும் சிரிக்கிற மாதிரி வாயைத் திறந்து மூடியது.

மறுநாள் விடிந்தபோது கண்மாய் முழுக்க வெள்ளை வெள்ளையாக மிதந்தது. குஞ்சுகள் பள்ளத்திலிருந்து எட்டிப் பார்த்தன.

"அப்பா, கெண்டையத்தை ஏன் மல்லாந்து படுத்திருக்கா?"

விரால் குஞ்சுகளை வாலால் பள்ளத்துக்குள்ளே தள்ளியது.

சேற்றுக்குள் புதைந்து தப்பித்த அயிரை, குத்துயிரும் குலையுயிருமாக வந்து சேர்ந்தது. திட்டப்போகிறாள் என்று விரால் தலையைக் குனிந்துகொண்டது. திட்டியிருந்தால் தேவலை.

"அண்ணே, உனக்கு ஒண்ணுமில்லையே? மூச்சு முட்டும்போதுகூட கெண்டை உன்னையத்தான் சொல்லிக்கிட்டு இருந்தா. 'அண்ணன் வாலடிக்கலன்னா அதுக்கு மேலுக்கு முடியாமக் கிடக்குதுன்னு அர்த்தம், போய்ப் பாத்துட்டு வாடி'ன்னா."

விரால் தண்ணீரை இழுத்தது. உள்ளே இறங்கவில்லை. இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் கெண்டை வாயிலிருந்து பிடுங்கியது போலக் கசந்தது. செவுளை இறுக மூடிக்கொண்டது. அப்படியே செத்துப்போகலாம் என்றால், குஞ்சுகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றை யாரிடம் விடுவது?

கண் இருட்டிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மேலே போய், தண்ணீருக்கு வெளியே வாயை நீட்டி, எந்த மீனுக்கும் பங்கில்லாத காற்றை ஒரு வாய் விழுங்கியது. செத்து மிதந்தவர்களுக்கு நடுவில்தான் அந்த வாயைத் திறக்க வேண்டியிருந்தது. அங்கே ஒரு நொடி நிற்கக் கூசிப்போய், தலைகீழாகச் சேற்றுக்குள் பாய்ந்தது.

மழை பெய்து கண்மாய் நிரம்பியது. அப்போதும் விரால் மேலேதான் போய்வந்தது.

"தண்ணியிலதான் மூச்சு நிறைஞ்சு கிடக்கே. இங்கயே இழுங்கப்பா" என்றன குஞ்சுகள்.

"அது உங்க அத்தையோடது" என்றது விரால். வளர்ந்ததும் குஞ்சுகளும் அப்பன் பின்னாலேயே மேலே போகப் பழகிக்கொண்டன.

அன்று முதல்தான், கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும், விரால் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை எடுத்துக்கொண்டு, யார் முகத்திலும் முழிக்காமல் சட்டென்று அடிக்குப் போய்விடுகிறது.