கதவில்லாத கோயில்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேங்கைநாட்டை மாறவேள் என்று ஒரு ராசா ஆண்டார். நல்லவர்தான். ஆனால் காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றிவிடுவார்.

மலைக்கு அந்தப் பக்கம் சண்டை மூண்டு, வீடெல்லாம் எரிந்து, முந்நூறு பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ராசா எல்லைக்கே போய் மாலை போட்டு வரவேற்றார். பத்தே நாளில் வித்தகராயர் என்கிற சபைப் பிரதானி அவர் காதைக் கடித்தார்.

"மகாராசா, கதவு கொடுத்தால் குடும்பம் நடத்துவார்கள். அடுப்பு கொடுத்தால் ஊரே தங்களுடையது என்பார்கள்."

அவ்வளவுதான், சட்டம் வந்துவிட்டது. நாட்டில் எழும் எந்தத் தற்காலிக இருப்பிடமானாலும் கதவு கூடாது, அடுப்பு கூடாது, பத்து நாளைக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். சாப்பாட்டுக்கு அரண்மனை வண்டியில் ஒரு வேளைக் கூழ் வரும். எட்டு மாதமாக இதே கதை. இதற்குப் பெயர் தற்காலிகமாம்.

அந்தக் கூட்டத்தில் சிலம்பாயி என்று ஒருத்தி. அப்பனிடம் தச்சுவேலை படித்தவள். புருஷன் சண்டையில் செத்துப்போய்விட்டான். இரண்டு வயது மகளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். சாரல் நேராகப் பாயில் அடிக்கிறது. வெந்நீர் வைக்க வழியில்லை. வாயைப் பொத்திக்கொண்டு இருக்க அவளால் முடியவில்லை. நேராக சபைக்கே போய்விட்டாள்.

"ராசாவே, கதவு நானே செய்துக்கிறேன். மரம்கூட நானே பொறுக்கிக்கிறேன். வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க."

"பெண்பிள்ளை தச்சுவேலை செய்வாளா?" ராசாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கண்ணெல்லாம் மலர்ந்துவிட்டது.

வித்தகராயருக்கு வயிறு எரிந்தது. தன்னைத் தவிர வேறு யாரையாவது ராசா அப்படிப் பார்த்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"பேச்சு பெரிசாக இருக்கிறதே! மகாராசா, பெரிய கோயில் திருப்பணி தொடங்குகிறது. வேலை முடிகிறவரை சாமியை வைக்கத் தற்காலிகமாக ஒரு சன்னதி வேண்டும். மூன்று நாளில் இவள் கட்டட்டும். கட்டினால் கேட்டது கொடுங்கள். சட்டத்தில் ஒரு எழுத்து மீறினாலும் கூட்டத்தோடு மலையைத் தாண்டி விரட்டுங்கள்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராசா.

சிலம்பாயி தன் கூட்டத்தை நினைத்துப் பார்த்தாள். முந்நூறு பேர் தலை. ஆனால் 'சட்டத்தில் ஒரு எழுத்து' என்றது காதில் விழுந்ததும் சரி என்று சொல்லி உளியை எடுக்கக் கிளம்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ராசா, வித்தகராயர், கோயில் குருக்கள் மூவரும் பார்க்க வந்தார்கள். சாமியை மறுநாள்தான் எழுந்தருளச் செய்வதாக இருந்தது. சன்னதி அழகோ அழகு. தூணெல்லாம் தாமரை. குருக்கள்தான் முதலில் அலறினார்.

"கதவு எங்கே அம்மா? நாய் நுழையுமே!"

"நுழையும் சாமி. எங்க குடிசையிலயும் நுழையுது."

"மடைப்பள்ளி? நைவேத்தியம் எங்கே சமைப்பது?"

"அடுப்பு கூடாதுங்க. அரண்மனை வண்டியில ஒரு வேளைக் கூழ் வரும்."

"கீழே என்ன, சக்கரமா?"

"பத்து நாளைக்கு ஒரு தடவை தள்ளணும்ல?"

ராசாவின் மீசை துடித்தது. "யாரைக் கேட்டு இப்படிக் கட்டினாய்?"

"உங்க சட்டத்தைக் கேட்டுத்தான். 'எந்தத் தற்காலிக இருப்பிடமானாலும்'னு எழுதியிருக்கு. ஒரு எழுத்து மீறலை."

"மகாராசா, இது ஓரிரு மாதச் சமாசாரம் இல்லை!" குருக்கள் தலையில் கை வைத்தார். "போன திருப்பணிக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது!"

"தற்காலிகம் பன்னிரண்டு வருஷமா?" ராசா வாயைப் பிளந்தார்.

வித்தகராயர் பாய்ந்தார். "ஏய், சாமியும் நீயும் ஒன்றா?"

"இல்லைங்க ஐயா," என்றாள் சிலம்பாயி. "சாமிக்குப் பசிக்காது. நனைஞ்சாலும் காய்ச்சல் வராது. என் மகளுக்கு வருது."

குருக்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் ராசா மெல்லக் கேட்டார். "எத்தனை நாள் இருப்பீர்கள்?"

"எங்க ஊர்ல சண்டை நின்னா மறுநாளே கிளம்பிடுவோம். அதுவரைக்கும் ஒரு கதவு, ஒரு அடுப்பு, நகராத ஒரு இடம்."

ராசா அங்கேயே நின்று சட்ட ஓலையை வரவழைத்துக் கிழித்தார். அவளைத் தலைமைத் தச்சர் ஆக்கினார். பிறகு வித்தகராயர் பக்கம் திரும்பினார்.

"உம்ம மாளிகையில் எத்தனை கதவு?"

"நா... நாற்பது, மகாராசா."

"முந்நூறு பேருக்கும் கதவு செய்து முடிகிறவரை உமக்கு எதற்கு? கழற்றும். முதல் கதவு இவள் குடிசைக்கு. நீரே தூக்கிக்கொண்டு போம்."

சிங்கமுகம் செதுக்கிய தேக்குக் கதவு, குடிசையைவிட உயரம். வித்தகராயர் முக்கி முனகிச் சுமந்து வந்தார். கதவு கூரைக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. சிலம்பாயி அதை மாட்டி உள்பக்கம் தாழ் போட்டாள். அடுப்பு மூட்டிக் கஷாயம் வைத்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

வாசல் எல்லாம் திறந்துகிடந்த மாளிகையில் சாரலில் நனைந்து தூக்கமில்லாத வித்தகராயர், தன் கதவை எப்போது தருவார்கள் என்று கேட்க வந்து அந்தக் கதவையே தட்டினார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சத்தம் போடாதீங்க ஐயா. பிள்ளை தூங்குது. அப்புறமா வாங்க."