சலாவுதீன் இறங்கிய இடம்

“மன்னிப்பு கேட்க வேண்டிய ஆளே செத்துப்போயிட்டா, யாருகிட்டம்மா போய்க் கேட்கிறது?”

பூவராகன் ரஞ்சிதம் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி இது.

அவர் பாக்குத் தோப்பில் உதிர்ந்து கிடந்த மட்டைகளை இழுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“யாருங்ணா செத்துப்போனது?”

“என் சிநேகிதன். சலாவுதீன்னு பேரு. ரெண்டு பேரும் ஒரே பைக்குல ஆறு நாள் மலைப் பயணம் கிளம்பினோம். நாலாம் நாள் சண்டை வந்துடுச்சு. அவனை வழியில விட்டுட்டு வந்துட்டேன்.”

“எங்க விட்டீங்க?”

பூவராகன் ஏன் விட்டான் என்பதைச் சொல்ல ஆரம்பித்தான்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு மட்டை இழுக்கப் போய்விட்டார்.

*

ரஞ்சிதம் அம்மாவுக்குப் பூவராகனைவிட ஐந்து வயது குறைவு. முன்பு கிராமச் செவிலியராக இருந்து, மொபெட்டில் மலையேறிப் பிரசவம் பார்த்தவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு மேட்டுப்பாளையத்தைத் தாண்டி இந்தத் தோப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அவர் உபதேசம் செய்ததாகவும் யாரும் சொன்னதில்லை. ஆனால் தூக்கம் கெட்டவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். கொஞ்ச நாள் தங்கினார்கள். போனார்கள்.

பூவராகன் விருத்தாசலத்தில் நில அளவையர். சலாவுதீன் இறந்த பிறகு அவனுக்கு இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கண் மூடவில்லை. அலுவலகத்தில் ஒருவர் இந்த இடத்தைச் சொன்னார். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வண்டியில் வந்து சேர்ந்தான்.

வந்தவன் தினமும் ஒரு காரணம் சொன்னான்.

“அவனுக்கு நேரம்னா என்னன்னே தெரியாதும்மா. ஏற்காட்டுல மிளகு காயவச்சுக்கிட்டிருந்த ஆளோட ஒரு மணி நேரம் பேச்சு. கொல்லிமலையில வழி கேட்க இறங்கினான். போய்ப் பார்த்தா அவங்க வீட்டு மிக்சியைப் பிரிச்சுப் போட்டு உட்கார்ந்திருக்கான். மிக்சி ரிப்பேர்தான் அவன் தொழில். அதுக்காக ஊர் சுத்த வந்த இடத்துலயுமா?”

“எங்க விட்டீங்க?”

“நான் ஆறு நாளையும் மணி மணியாப் பிரிச்சு எழுதி வச்சிருந்தேன். ஒரு நாள்கூட அந்தக் காகிதப்படி நடக்கல.”

அவர் தட்டைக் கழுவப் போனார்.

இன்னொரு நாள்: “நாலாம் நாள் கோத்தகிரியில, விடிஞ்சதும் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். கால் சுளுக்கின ஒரு பொம்பளையை வீட்டுல கொண்டுபோய் விடப் போனானாம். ரெண்டு மணி நேரம் கழிச்சு வர்றான். இண்டிகேட்டர் உடைஞ்சு தொங்குது. சிரிச்சுக்கிட்டே வர்றான்.”

“எங்க விட்டீங்கண்ணா?”

அந்தக் கேள்விக்குள் ஏதோ பெரிய அர்த்தம் இருப்பதாகப் பூவராகனுக்குத் தோன்றியது. இரவெல்லாம் அதை யோசித்தான். மறுநாள் காலையில் போய், “மனசுலதாம்மா விட்டேன்” என்றான்.

அவர் பெருமூச்சு விட்டார்.

*

நாற்பத்தோராம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு ரஞ்சிதம் அம்மா தலையில் ஒரு பழைய ஹெல்மெட்டோடு வந்து வண்டியின் பக்கத்தில் நின்றார்.

“கிளம்பலாங்ணா.”

“எங்கம்மா?”

“அவரை விட்ட எடத்துக்கு.”

பூவராகன் வண்டியை எடுத்தான். அவர் பின்னால் ஏறிக்கொண்டார்.

மலை ஏறினார்கள். கோத்தகிரியில் சாலை பிரிகிற இடத்தில் பூவராகன் வேகத்தைக் குறைத்தான்.

“எந்தப் பக்கம்மா?”

“உங்களுக்குத்தானுங்ணா தெரியும்.”

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் கிளைச் சாலையில் திருப்பினான். பஸ் அதிகம் வராத சாலை. ஒரு பக்கம் சரிவு. மறுபக்கம் மண் சுவர். ஒரு வளைவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்காரும் பலகை ஒன்றும், தகரக் கூரை போட்ட டீக்கடை ஒன்றும் இருந்தன.

பூவராகன் அதைத் தாண்டிப் போனான்.

ஒரு கிலோமீட்டர் போனபிறகு அவனே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். நிறுத்தினான்.

“இங்கதாம்மா.”

அவர் இறங்கிச் சுற்றிலும் பார்த்தார்.

“நீங்க எறக்கி விட்டீங்களா?”

“இல்ல. அவனாத்தான் இறங்கினான். தோளைத் தட்டி நிறுத்துன்னான். நிறுத்தினேன்.”

“எதுக்கு எறங்கினாரு?”

பூவராகன் கையுறையைக் கழற்றினான். மறுபடி மாட்டினான்.

“நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன்.”

“என்ன வார்த்தை?”

நாற்பது நாளில் அவன் அதைச் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொன்னதில்லை.

“அவன் சம்சாரம் அவனை விட்டுட்டுப் போயிடுச்சும்மா. ஆறு வருஷம் ஆச்சு. அதைப்பத்தி அவன் என்கிட்ட மட்டுந்தான் பேசுவான்.” சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “உன்னை விட்டுட்டுப் போனதுல அவ மேல தப்பே இல்லடான்னு சொன்னேன்.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். தேற்றுவார் என்றும் எதிர்பார்த்தான்.

அவர் கையை நீட்டினார்.

“சாவி குடுங்ணா.”

கொடுத்தான். அவர் ஏறி உட்கார்ந்து, இரண்டு உதையில் வண்டியைக் கிளப்பினார்.

“பஸ் வரும். அதுல வாங்க.”

வளைவில் திரும்பி மறைந்தார். சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

*

மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. அந்த நேரத்துப் பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்தது ஒன்றரைக்கு என்று டீக்கடைக்காரி சொன்னாள். ஐம்பது வயது இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் துண்டைப் போர்த்தியிருந்தாள்.

பூவராகன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தான்.

அவள் இரண்டு மூன்று தடவை அவனைப் பார்த்தாள். டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “ஹெல்மெட்டை வச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு உட்கார்ந்திருக்கீங்க” என்றாள்.

“வண்டியைக் கொண்டுபோயிட்டாங்க.”

“இதே மாதிரி இன்னொருத்தரும் இங்க உட்கார்ந்திருந்தாரு சார். ரெண்டு வருசம் இருக்கும்.”

பூவராகன் டீயைக் கீழே வைத்தான்.

“பாய் ஒருத்தரு. குள்ளமா, தாடி வச்சுக்கிட்டு. மடியில ஹெல்மெட்டு. என்னா ஆச்சுன்னு கேட்டேன். சிநேகிதன் போயிட்டான், இப்ப வந்துருவான்னாரு.”

“வந்துருவான்னா சொன்னாரு?”

“ஆமா. அவனுக்குக் கோவம் பத்து வளைவு தாங்காது, பதினோராவதுல திரும்பிருவான்னாரு. ரெண்டு டீ போடச் சொன்னாரு. ஒண்ணு அப்படியே ஆறிப்போச்சு.”

பூவராகன் மடியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

“பதினொன்றரை பஸ்ஸு வந்துச்சு. ஏறுங்கன்னேன். இருக்கட்டும்மான்னாரு. சும்மா உட்கார்ந்திருக்க முடியல அவருக்கு. என் மிக்சி சுத்தாம மூலையில கிடந்துச்சு. அதை எடுத்துப் பிரிச்சாரு. உள்ள கார்பன் தேஞ்சு போச்சாம். பழைய பேட்டரி செல்லு இருக்கான்னு கேட்டாரு. அதை உடைச்சு, உள்ள இருக்கிற கரிக்குச்சியைக் கல்லுல தேய்ச்சுத் தேய்ச்சு அளவாக்கி வச்சாரு. இந்தா, இன்னிக்குக் காலையிலகூட அதுலதான் சட்னி அரைச்சேன்.”

“சிநேகிதனைப்பத்தி என்ன சொன்னாரு?”

“என்னா சண்டைன்னு நானும் கேட்டேன் சார். நான்தாம்மா லேட் பண்ணிட்டேன்னாரு. அவ்வளவுதான்.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“வேற என்னா?”

பூவராகன் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினான்.

“ஒன்றரை பஸ்ஸும் போச்சு, மூன்றரையும் போச்சு. ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டா எந்திரிச்சு ரோட்டுக்கு வந்துருவாரு. அப்புறம் போய் உட்காருவாரு. எனக்குத்தான் கஷ்டமாப் போச்சு. அஞ்சரை கடைசி பஸ்ஸு. அதுலதான் ஏறினாரு. ஏறியும், ரெண்டு நிமிசம் நிறுத்துங்கன்னு கண்டக்டர்கிட்ட கேட்டாரு. அவங்களும் நிறுத்தினாங்க. பின்னாடி கடைசி சீட்டுல உட்கார்ந்து, இந்த ரோட்டையே பார்த்துக்கிட்டு போனாரு.”

வேறு யாரோ டீ கேட்டார்கள். அவள் உள்ளே போனாள்.

*

பதினோராவது வளைவு.

பூவராகன் அன்று வளைவுகளை எண்ணவில்லை. ஆனால் எங்கோ ஓரிடத்தில் நின்றது உண்மை. வண்டியைத் திருப்பவும் செய்தான். முன்சக்கரம் வந்த வழியைப் பார்த்து நின்றது. காலை ஊன்றிக்கொண்டு யோசித்தான். நான் ஏன் போகவேண்டும், அவன் கூப்பிடட்டும். போனை எடுத்துப் பார்த்தான். அழைப்பு ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் டவரே கிடையாது என்பது அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

மறுபடி திருப்பிக்கொண்டு ஊட்டிக்குப் போனான். மத்தியானம் ஒன்றரைக்கு அறைக்குள் நுழைந்தான். இரண்டு கட்டில் போட்ட அறை. தன் பையை ஒரு கட்டிலில் போட்டான். மற்றதில் ஒன்றையும் வைக்கவில்லை.

சாயந்தரம் வரை பால்கனியில் உட்கார்ந்திருந்தான். அவனே வரட்டும் என்று.

மிச்சமிருந்த இரண்டு நாளும் தாளில் எழுதியபடி நடந்தன. ஒரு நிமிஷம்கூடத் தப்பவில்லை.

ஊருக்கு வந்தபிறகு சலாவுதீன் கடை இருக்கும் தெருவை விட்டுவிட்டு, அலுவலகத்துக்குச் சுற்றிக்கொண்டு போனான். ஒரு தடவை மார்க்கெட்டில் எதிரே பார்த்தான். சலாவுதீன் கையைத் தூக்கினான். பூவராகன் தக்காளியைப் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டான். நிமிர்ந்தபோது அவன் இல்லை. இப்படியே பத்து மாதம் போயிற்று. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கடையிலேயே, கையில் திருப்புளியோடு, சலாவுதீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான்.

அடக்கத்துக்குப் போன பூவராகன் பள்ளிவாசல் வெளிக்கதவுக்குப் பக்கத்தில் நின்றான். உள்ளே வரச்சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டுத் திரும்பினான்.

அந்த வார்த்தை கேட்டதனால்தான் அவன் செத்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். அதை நினைத்துத்தான் தூக்கம் போயிற்று. அதற்குத்தான் மன்னிப்புக் கேட்க ஆள் தேடினான்.

அவன் கண் முன்னால் இப்போது அந்த வார்த்தை இல்லை. ஒரு ஆறிப்போன டீ இருந்தது.

*

கடைக்காரி வந்து தம்ளரை எடுத்தாள். டீ அப்படியே இருந்தது. அதில் ஆடை படிந்திருந்தது.

“வேற போட்டுத் தரவா சார்?”

“வேண்டாம்மா.”

“அந்த பாயைத் தெரியுமா உங்களுக்கு?”

பூவராகன் அவளைப் பார்த்தான். பொய் சொல்ல நேரம் இருந்தது.

“அவரை விட்டுட்டுப் போனது நான்தான்.”

அவள் தம்ளரைப் பிடித்தபடியே நின்றாள். துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பாத்திரம் துலக்கும் சத்தம் வந்தது.

மண் சுவர் மேல் வெயில் வந்தது. போயிற்று. பனி இறங்கி எதிர்ச் சரிவை மூடியது. கீழே எங்கோ ஒரு வண்டி ஏறிவரும் சத்தம் கேட்டது. பூவராகன் தன்னை அறியாமல் எழுந்து சாலைக்கு வந்தான்.

தேயிலை மூட்டை ஏற்றிய வண்டி. கடந்து போயிற்று.

ஒன்றரை மணிப் பஸ் பத்து நிமிஷம் தாமதமாக வந்தது. அவனைப் பார்த்து நின்றது. பூவராகன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்ப் படியில் ஒரு காலை வைத்தான்.

அப்படியே நின்றான்.

காலை எடுத்துக் கீழே வைத்தான்.

“ஏறலைங்களா?” என்றார் கண்டக்டர்.

“நீங்க போங்க. கடைசி பஸ்ஸுல வர்றேன்.”

“யாராச்சும் வரணுங்களா?”

“ஆமா.”

கண்டக்டர் படியிலிருந்து எட்டி, பின்னால் சாலையைப் பார்த்தார். பனிதான் இருந்தது.

“வருவாருங்களா?”

“வரமாட்டான்,” என்றான் பூவராகன்.

பலகையில் போய் உட்கார்ந்தான்.