ஆறாவது முடிவு

சுகிர்தாவிடம் கதை எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் தனஞ்செயன் ஒருவர்தான் அவளைவிட வயதில் மூத்தவர். நாமக்கல்லில் ஒரு பைக் ஷோரூமில் விற்பனை மேலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி சேலத்தில் அவள் வீட்டுக்கு வருவார். எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் போவார். ஒரு வரிகூட எழுதிக் காட்டியதில்லை.

அவள் எழுதியவை புத்தகத்தில் வரும் கதைகள் அல்ல. திரையில் படமும் வசனமுமாக ஓடுபவை. விஷுவல் நாவல் என்பார்கள்; விளையாட்டு போல ஆடலாம். நடுநடுவே கதை நின்று, அடுத்து என்ன செய்வது என்று கேட்கும். இரண்டு மூன்று வழிகள் காட்டும். ஆடுகிறவர் எதைத் தொடுகிறாரோ அந்தப் பக்கம் கதை திரும்பும்.

'முள்மாடம்' அவளுக்குப் பெயர் வாங்கித் தந்த கதை. ருத்ரன் என்ற எஸ்டேட் முதலாளி தாரிணி என்ற பெண்ணை விரும்புகிறான். அவள் வேண்டாம் என்கிறாள். மலைமேல் இருக்கும் தன் பங்களாவில் அவளை வைத்துப் பூட்டிவிடுகிறான். ஆடுகிறவர்தான் ருத்ரன். எப்போது கெஞ்சுவது, எப்போது மிரட்டுவது, எப்போது அழுவது எல்லாம் அவர் கையில். அதற்கேற்ப ஐந்து முடிவுகளில் ஒன்று திறக்கும்.

ஐந்தும் இருட்டு. ஒன்றில் அவள் அவனைக் கொல்கிறாள். ஒன்றில் அவன் அவளை. ஒன்றில் அவள் சிரித்த முகமாக அவனோடேயே இருந்துவிடுகிறாள். ஆனால் அவன் பெயரைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் போன பிறகு தனஞ்செயன் கேட்டார்.

"மேடம், ஆறாவது முடிவை எப்படித் திறக்கறதுங்க?"

"ஆறாவது ஒண்ணு இல்லைங்க."

"அஞ்சையும் திறந்துட்டேன். முதல் பக்கத்துல ஆறு கட்டம் இருக்கு. கடைசிக் கட்டத்துல பூட்டுப் படம் போட்டிருக்குதே."

"அது கதையை வெளியிட்ட கம்பெனிக்காரங்க போட்டது. ஒண்ணு பூட்டியிருந்தா ஆடறவங்க திரும்பத் திரும்ப வருவாங்கன்னு. அதுக்குப் பின்னால ஒண்ணும் கிடையாது."

தனஞ்செயன் சிரித்தார். நம்பவில்லை.

"வேண்டாம்னு சொல்ற கஸ்டமர்தான் மேடம் கடைசியில வண்டி எடுப்பான். சரியான வார்த்தை மாட்டற வரைக்கும் பேசணும். இருபது வருஷமா அதுதான் என் பொழப்பு."

"அந்த முடிவுல என்ன நடக்கணும்?"

"அவ மனசு மாறணும். பூட்டு இல்லாமலே அவன்கூட இருக்கணும். நல்ல முடிவு ஒண்ணாவது வேணாமா?"

சுகிர்தா மேசையிலிருந்த டம்ளர்களை அடுக்கினாள். அடுக்கியபடியே கேட்டாள்.

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நான் மட்டும்தான். சம்சாரம் ரேணுகா கரூர்ல அவங்க அண்ணன் வீட்ல இருக்கா. ஆடிக்குப் போனவ. இன்னும் வரலை."

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"தினமும் கூப்பிடறேன். முதல்ல கோவமாப் பேசினேன். வேலைக்கு ஆகலை. அப்புறம் மன்னிப்புக் கேட்டேன். பட்டுப்புடவை அனுப்பினேன், திரும்பி வந்துடுச்சு. அம்மாவுக்கு நெஞ்சு வலின்னு சொல்லிப் பார்த்தேன். ஒரு வாரம் பேசாம இருந்தா அவளே கூப்பிடுவான்னு அதையும் பார்த்தேன்." அவர் குரல் தணிந்தது. "அடுத்து எதைத் தொடறதுன்னுதான் தெரியலை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

"ஏன் போனாங்க?"

"பெரிசா ஒண்ணும் இல்லைங்க. வேலைக்குப் போறேன்னா. இப்ப என்ன அவசரம்னு சொன்னேன். நான் வெளிய போறப்போ கதவைப் பூட்டிட்டுப் போவேன். பாதுகாப்புக்குத்தான். எங்க ஏரியா அப்படி."

"வெளிப்பக்கமாவா?"

"ஆமாங்க."

கீழே தெருவில் யாரோ ஒரு வண்டியை உதைத்து உதைத்து, கிளம்பாமல் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்ததும் சுகிர்தா கேட்டாள்.

"அவங்க உங்ககிட்ட எப்பவாவது எதையாவது கேட்டிருக்காங்களா?"

தனஞ்செயன் யோசித்தார். கஸ்டமர் ஒவ்வொருவரும் என்ன நிறம் கேட்டார் என்று நினைவில் வைத்திருக்கிற மனிதர். இதற்கு வெகுநேரம் யோசிக்க வேண்டியிருந்தது.

"இன்னொரு சாவி கேட்டா."

"கொடுத்தீங்களா?"

"வீட்லயே இருக்கறவளுக்குச் சாவி எதுக்குங்க?"

சுகிர்தா எழுந்தாள்.

"இனிமேல் எதையும் தொடாதீங்க. போன் வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம், நேர்ல போக வேண்டவே வேண்டாம்."

அவர் முகம் மலர்ந்தது.

"அதுதான் வழியா மேடம்? அப்படி இருந்தா திறக்குமா?"

அவள் பதில் சொல்லவில்லை. அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போனார்.

அவரால் அப்படிச் சும்மா இருக்க முடியவில்லை. அந்த வாரமே கரூருக்குப் போனார். ரேணுகா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்று பார்த்தார். நீலக் கோட்டு போட்டிருந்தாள். சீட்டை வாங்கிப் படித்து, ஏணியில் ஏறி மாத்திரை எடுத்து, எப்போது சாப்பிட வேண்டும் என்று ஒரு பெரியவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

முள்மாடத்தில் ஒரு காட்சி உண்டு. ருத்ரன் மழையில் மண்டியிடுவான். தாரிணி படியிறங்கி வந்து அவன் தலையைத் தொடுவாள்.

அன்று மழை இல்லை. நல்ல வெயில். தனஞ்செயன் தெருவைக் கடந்து போய்க் கடைப் படியில் மண்டியிட்டார். "ரேணு, நான் திருந்திட்டேன். வா போலாம்" என்றார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். ஒருவன் போனை எடுத்துப் படம் பிடித்தான். "பாவம்மா, வந்து கூட்டிட்டுப் போறேங்கறாரில்ல" என்றாள் ஒரு பூக்காரி.

ரேணுகா கத்தவில்லை. அழவில்லை. பெரியவருக்கான மாத்திரையைக் கவரில் போட்டு அவர் கையில் கொடுத்தாள். கோட்டைக் கழற்றி மடித்து வைத்தாள். கடைக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெயிலில் முட்டி சுட்டது. தனஞ்செயன் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கடைக்காரர்தான் வெளியே வந்தார்.

"எந்திரிங்க சார். அந்தப் பொண்ணு பின்பக்கமாப் போயிடுச்சு. இனிமே வேலைக்கு வராதாம்."

மைத்துனர் வீட்டுக்கு ஓடினார். மைத்துனர் வாசலில் நின்றபடியே பேசினார். "நல்ல வேலை கிடைச்சிருந்தது மாப்பிள்ளை. முதல் தடவையா நிம்மதியாத் தூங்கிட்டிருந்தா. இப்ப ஊரைவிட்டே போயிட்டா. எங்கேன்னு என்கிட்டகூட சொல்ல வேண்டாம்னுட்டேன். நீங்க வந்து கேட்டா நான் சொல்லிடுவேன்னு எனக்கே பயம்."

மறுநாள் காலை தனஞ்செயன் சேலத்தில் சுகிர்தாவின் கதவைத் தட்டினார். வகுப்பு இல்லாத நாள். சட்டை கசங்கியிருந்தது. நடந்ததை நின்றுகொண்டே சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது.

"நீங்க எழுதினதைத்தான் செஞ்சேன். மண்டி போட்டா வந்து தலையைத் தொடுவான்னு நீங்கதான எழுதினீங்க? உங்க கதையில தொடறாளே, எனக்கு மட்டும் ஏன் நடக்கலை?"

அது வெறும் கதைதானே என்று அவள் சொல்லியிருக்கலாம். நேர்ல போகாதீங்கன்னு சொன்னேனே என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காட்சிக்குப் பிறகுதான் தாரிணி எல்லாவற்றையும் மறந்துபோகிறாள் என்றும் சொல்லியிருக்கலாம். மூன்றும் அவள் வாய்வரை வந்தன.

"ஆமாங்க. நான்தான் எழுதினேன்" என்றாள்.

"அப்ப நீங்களே நல்ல முடிவைத் திறந்து கொடுங்க. இருக்கா இல்லையா?"

"ஞாயித்துக்கிழமை வாங்க."

அவர் போனபின் அவள் தனக்கு வந்திருந்த பழைய மெயில்களைத் திறந்தாள். தாரிணியை எப்படி மடக்குவது, எந்த இடத்தில் அழுதால் இளகுவாள், எத்தனை நாள் பட்டினி போட்டால் பேசுவாள். நூற்றுக்கணக்கானவர்கள் கேட்டிருந்தார்கள். இதுவரை அவற்றையெல்லாம் பாராட்டு என்றே அவள் நினைத்திருந்தாள். அன்று ஒரு பத்து மெயிலுக்கு மேல் படிக்க முடியவில்லை. மூடிவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மற்ற மாணவர்களை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தாள். தனஞ்செயன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ஆறாவது கட்டத்தில் பூட்டுப் படம் இல்லை.

அவர் தொட்டார்.

அதே பங்களா. விடிகாலை. தாரிணி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்காரர் கதவைச் சாத்த மறந்துவிட்டுப் போயிருக்கிறார். திரையில் இரண்டு வழிகள் வந்தன: 'வெளியே போ', 'அவனுக்காகக் காத்திரு'.

"இதுல நான் ருத்ரன் இல்லையா?"

"இல்லைங்க. இதுல நீங்க தாரிணி."

அவர் 'காத்திரு' என்பதைத் தொட்டார். இருட்டி விடிந்தது. அதே கட்டில். அதே இரண்டு வழிகள். மறுபடி அதையே தொட்டார். மறுபடி இருட்டி விடிந்தது. விடாமல் தொட்டுக்கொண்டே இருந்தார்.

"நகர மாட்டேங்குதே மேடம்."

"நகராதுங்க."

வேறு வழியில்லாமல் 'வெளியே போ' என்பதைத் தொட்டார்.

தாரிணி செருப்பில்லாமல் தேயிலைச் சரிவில் இறங்கினாள். ஒரு பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எந்த ஊருக்கு டிக்கெட் கேட்டாள் என்று திரையில் வரவில்லை. பிறகு ஒரு சின்ன அறை. சோறு பொங்கினாள். அடி பிடித்துவிட்டது. அதைத் தட்டில் போட்டு, தரையில் காலை நீட்டிக்கொண்டு சாப்பிட்டாள். படுத்தாள். கால்மேல் வெயில் வரும்வரை தூங்கினாள்.

'முற்றும்' என்று வந்தது.

தனஞ்செயன் காத்திருந்தார். இன்னும் இருக்கும் என்று திரையைத் தட்டினார். பின்னோக்கிப் போய்ப் பார்த்தார். பஸ்ஸின் மற்ற சீட்டுகளில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ருத்ரன் எப்ப வருவான்?"

"வரமாட்டான்."

"அவன் திருந்தி, நல்லவனா..."

"திருந்தலாம். திருந்தாமலும் போகலாம். அது இந்தக் கதையில வராது."

"அவ அவனைத் தேடவே மாட்டாளா?"

"தூங்கறாளேங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சண்டைக்கு நிற்பவர்போல அவளைப் பார்த்தார்.

"இது என்ன மேடம்? நான் நல்ல முடிவுதானே கேட்டேன்?"

"நல்ல முடிவுதான் கேட்டீங்க" என்றாள் சுகிர்தா. "யாருக்குன்னு கேக்கலை."