தலைவாசலில் சாய்த்து வைத்த துடைப்பம்

அந்தக் காலத்தில் கணினிக்குள் வேலை பார்த்த கட்டளைகளுக்கெல்லாம் வாய் உண்டு. வம்பளக்கும், சண்டை போடும், நடுவில் வேலையும் செய்யும். கணினி என்பது ஒரே தலைவாசல் வைத்த பெரிய வீடு. உள்ளே அறை, அறைக்குள் அறை, அதற்குள் இன்னோர் அறை. நாம் ஃபோல்டர் என்கிறோமே, அதுதான்.

அந்த வீட்டில் அழிக்கிற வேலை துடைப்பானுக்கு. பிரதி எடுக்கிற வேலை நகலனுக்கு. சொல்லி முடிப்பதற்குள் துடைப்பான் ஓடிவிடும். நகலனோ எங்கிருந்து, எந்தப் பக்கம் என்று நூறு கேள்வி கேட்டு எல்லோரிடமும் பேச்சு வாங்கும்.

வீட்டுக்காரி வசுமதி தவளைச் சத்தங்களை ஆராய்கிறவள். மூன்று மழைக்காலம் ஏரிக்கரைச் சேற்றில் நின்று பதிவு செய்ததெல்லாம் அந்த வீட்டில்தான் இருந்தது. அதில் ஒரு தவளை கதவைத் தட்டுவது போல டொக், டொக் என்று கத்தும். அது என்ன தவளை என்று யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்தே தீருவது என்று இருந்தாள் அவள்.

ஒருநாள் காலை அவள் 'வரைவு' அறையில் நின்றுகொண்டு, உள்ளே இருந்த 'பழசு' அறையைக் காலி செய்யச் சொன்னாள். அதில் கிடந்தவை வேண்டாத குறிப்புகள். துடைப்பான் சரியென்று கிளம்பியது. ஆனால் துடைப்பம் இருந்ததோ 'ஒலிகள்' அறையில். அங்கே போய் எடுத்துக்கொண்டு திரும்பினால், அங்கேயும் உள்ளே ஒரு 'பழசு' அறை! அட, தேடவே வேண்டாம் போலிருக்கிறதே என்று ஒரே பெருக்காகப் பெருக்கிவிட்டது. வசுமதி தன் பதிவுகளை வைத்திருந்தது அந்த அறையில்தான். மூன்று மழைக்காலமும் போயிற்று.

வசுமதி, "வரைவில் நின்று சொன்னது நான். நீ நின்ற இடத்திலிருந்து ஏன் வழி பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டாள்.

துடைப்பானுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது நகலன் மெதுவாக முன்னால் வந்தது. முந்தின நாள் அவள் அந்த ஒரு தவளையை மட்டும் பிரதி எடுக்கச் சொல்லியிருந்தாள். தலைவாசல், ஒலிகள், பழசு, டொக்டொக் என்று முழு வழியும் சொல்லியிருந்தாள்.

"எங்கே நின்று கேட்டாலும் அது ஒரே இடம்தானே அம்மா. அன்றைக்கு எனக்குக் கேள்வியே வரவில்லை" என்று சொல்லிப் பத்திரமாக வைத்திருந்ததை நீட்டியது.

டொக், டொக். வசுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை கேட்டாள். மற்றதையெல்லாம் அடுத்த மழையில் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள்.

அன்றே கட்டளைகள் கூடிப் பேசி முடிவெடுத்தன. யாராவது பாதி வழி சொன்னால், சொன்னவர் நிற்கும் அறையிலிருந்து பார்த்து, முழு வழியையும் மனதில் போட்டுக்கொண்ட பிறகே காலை எடுத்து வைப்பது. தலைவாசலிலிருந்து சொன்னால் அப்படியே போவது. துடைப்பான் தன் துடைப்பத்தைக் கொண்டுபோய்த் தலைவாசலில் சாய்த்து வைத்தது. வழி எங்கே தொடங்குகிறது என்று பார்த்ததுமே தெரியட்டும் என்றது.

கணினியில் முழு வழி எழுதும்போதெல்லாம் முதலில் '/' என்று ஒரு சாய்ந்த கோடு அந்தத் துடைப்பமாக வந்து நிற்பது அன்றைக்குப் பிறகுதான். துடைப்பான் இன்னும் அதைத் திரும்ப எடுத்துப் போகவில்லை.